கணக்கில் வராத தையல்

குறைந்த செலவில் காஸ்ப்ளே உடை செய்வது எப்படி என்று சொல்லித்தரும் குறிப்புகளில் ஓர் அறிவுரை தவறாமல் வரும்: கடையில் வாங்காதீர்கள், நீங்களே தைத்துக்கொள்ளுங்கள். காமிக்ஸ், அனிமே, திரைப்படம், கணினி விளையாட்டு ஆகியவற்றில் வரும் பாத்திரங்களைப்போல உடுத்தி மாநாடுகளுக்குப் போகும் இந்தக் கலையில் மாணவிகளும் இளம்பெண்களும் பெரும் ஆர்வத்தோடு ஈடுபடுகிறார்கள். கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு இந்த அறிவுரை உண்மையிலேயே உதவுகிறது. ஆனாலும் அதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்க்கலாம். ‘நீங்களே’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு தையல் இயந்திரம் இருக்கிறது. அதை ஓட்டத் தெரிந்த கை இருக்கிறது. துணியை விரித்து வெட்ட ஓர் இடம், சில விடுமுறை நாள்கள், அந்த நாள்களில் அடுப்பையும் பாத்திரங்களையும் வேறொருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு எல்லாம் இருக்கின்றன. துணிக்கு ரசீது உண்டு. இவற்றுக்கு ரசீது கிடையாது.

சிக்கனத்தைப் பழிப்பது என் நோக்கமல்ல. இருப்பதை வைத்து இல்லாததை உருவாக்குவது பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டிருக்கும் அறிவு; அதில் அழகும் இருக்கிறது, கர்வமும் இருக்கிறது. என் கேள்வி வேறு. ஓர் உடையை ‘மலிவாகச் செய்தது’ என்று சொல்லும்போது எந்தச் செலவுகளைச் சேர்க்கிறோம், எவற்றை விட்டுவிடுகிறோம்? விடுபடும் செலவுகள் பெரும்பாலும் யார் தலையில் விழுகின்றன?

நியூயார்க், 1939

இந்தக் கலையின் வரலாறே ஒரு விடுபடலோடுதான் தொடங்குகிறது. 1939 ஜூலையில் நியூயார்க் நகரில் முதல் உலக அறிவியல் புனைவு மாநாடு நடந்தது. அதற்கு ஃபாரஸ்ட் அக்கர்மேன் என்ற இளம் ரசிகர் எதிர்கால மனிதனைப்போல உடுத்தி வந்தார். ஃபிராங்க் பால் வரைந்த இதழ் ஓவியங்களும், ஹெச்.ஜி.வெல்ஸ் திரைக்கதை எழுதி 1936இல் வெளிவந்த ‘திங்ஸ் டு கம்’ படமும் அந்த உடைக்கு முன்மாதிரி. பிற்காலத்தில் இந்தக் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டபோது அக்கர்மேன் ‘முதல் காஸ்ப்ளேயர்’ ஆனார்.

அந்த உடையை வடிவமைத்துத் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். எஸ்பெராண்டோ மொழியில் ஈடுபாடு கொண்ட அவர், தன் பெயரின் முதலெழுத்துகளை அம்மொழியில் உச்சரிக்கும் விதத்திலிருந்து ‘மொரோஜோ’ என்ற புனைபெயரை அமைத்துக்கொண்டார். லாஸ் ஏஞ்சலிஸ் ரசிகர் வட்டத்தில் முக்கியமானவர். அக்கர்மேனோடு சேர்ந்து ரசிகர் இதழ் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியவர். 1939 மாநாட்டுக்கு அவரும் தான் தைத்த எதிர்கால உடையில்தான் வந்தார். ஆக, அங்கே இருந்தது ஓர் உடை அல்ல, இரண்டு. இரண்டையும் செய்தது ஒரே கை. தன் உடையைத் தைத்தவர் யார் என்பதை அக்கர்மேன் மறைக்கவில்லை. கதையைச் சுருக்கிச் சொன்னவர்கள்தான் தைத்தவரை விட்டுவிட்டு, போட்டுக்கொண்டு நடந்தவரை வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1941இல் டென்வரில் நடந்த மாநாட்டுக்கு மொரோஜோ தவளை முகமூடி அணிந்து வந்தார். அதைச் செய்துகொடுத்தவர் ரே ஹாரிஹௌசன். அப்போது பெயர் தெரியாத இளைஞர்; பின்னாளில் திரைப்படச் சிறப்புக் காட்சிகளின் மேதையாகக் கொண்டாடப்பட்டவர். இங்கே முகமூடியைச் செய்தவரின் பெயர் வரலாற்றில் பத்திரமாக இருக்கிறது. ஆண் அணிந்த உடையைப் பெண் தைத்தால் அணிந்தவர் பெயர் நிற்கிறது. பெண் அணிந்த முகமூடியை ஆண் செய்தால் செய்தவர் பெயர் நிற்கிறது. புகழ்பெற்றவரின் பெயரைத்தானே காலம் காப்பாற்றும் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். தையலைக் கொண்டு புகழ்பெறும் வழி அன்றைய பெண்களுக்கு எவ்வளவு திறந்திருந்தது என்ற கேள்வி அதற்குள்ளேயே கிடக்கிறது.

ஜப்பானிலும் தொடக்கத்தில் பெண்களே இருந்தார்கள். 1975 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த முதல் காமிக் மார்க்கெட்டில் 32 குழுக்கள் கலந்துகொண்டன. வந்திருந்த ஏறத்தாழ 700 பேரில் பெரும்பாலோர் பெண்களுக்கான மங்கா படிக்கும் பள்ளி மாணவிகள். 1978இல் நடந்த அறிவியல் புனைவு மாநாடு ஒன்றுக்கு மாரி கொட்டானி என்ற இளம்பெண், எட்கர் ரைஸ் பரோஸின் செவ்வாய்க் கிரக நாவல் ஒன்றின் அட்டைப் படத்தைப் பார்த்துச் செய்த உடையில் வந்தார். பார்த்தவர்கள் அதை ஒசாமு டெசுகாவின் கடல் சிறுவன் டிரைட்டன் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் பின்னாளில் ஜப்பானின் முக்கியமான பெண்ணியத் திறனாய்வாளராகி, 1994இல் நிஹோன் எஸ்எஃப் தாய்ஷோ விருதும் பெற்றார். ‘காஸ்ப்ளே’ என்ற சொல் அச்சில் வந்தது 1983 ஜூனில்; ‘மை அனிமே’ இதழில் நொபுயுகி தகஹாஷி எழுதிய கட்டுரையில். செயல் முன்பே இருந்தது, பெயர் பிறகு வந்தது. பெயரிட்டவரை எல்லா அறிமுகக் கட்டுரைகளும் சொல்கின்றன. அதற்கு முன்பே ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்த பள்ளிப் பெண்களைச் சொல்வதில்லை.

முழுவட்டம், அரைவட்டம்

‘கைவேலைதானே, செலவில்லை’ என்ற பேச்சு எதை மறைக்கிறது என்று பார்க்க ஓர் எளிய உடையை எடுத்துக்கொள்வோம். மியாசாகியின் 1989ஆம் ஆண்டுப் படமான ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ படத்தின் நாயகி கிகி. எய்கோ கடோனோ 1985இல் வெளியிட்ட நாவலிலிருந்து வந்தவள். தளர்வான கறுப்பு உடை, தலையில் பெரிய சிவப்பு முடிச்சு, தோளில் ஒரு பை, கையில் துடைப்பம். குறைந்த செலவில் வேடமிட விரும்புகிறவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் பாத்திரங்களில் அவளும் ஒருத்தி.

உடுத்தும் முன் அவளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பதின்மூன்று வயதில் தனியாக வேறு ஊருக்கு வந்து பிழைக்கிறாள். அந்தக் கறுப்பு உடை அவளுக்கே பிடிக்கவில்லை. நல்ல உடையணிந்து போகும் நகரத்துப் பெண்களைக் கண்டு கூசுகிறாள். வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் வாங்கிய பிறகு கையில் மிஞ்சும் பணத்தை எண்ணிக் கவலைப்படுகிறாள். அவளைப் போல உடுத்த விரும்பும் கல்லூரி மாணவியும் அதே எண்ணலைத்தான் செய்துகொண்டிருப்பாள். சிக்கன வேடத்துக்குப் பொருத்தமானவள் என்று அவளைச் சொல்லும்போது துணி குறைவு என்பதை மட்டும் பார்க்கிறார்கள். அவள் கதையே சிக்கனத்தைப் பற்றியதுதான் என்பதைப் பார்ப்பதில்லை.

இனி வெட்டுக்கு வருவோம். இடுப்பு 28 அங்குலம், பாவாடை நீளம் 24 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவட்டமாக வெட்டினால் இடுப்பு வளைவின் ஆரம் ஏறக்குறைய 4½ அங்குலம். நீளத்தையும் கூட்டினால் 28½. 44 அங்குல அகலத் துணியில் இரண்டு அரைவட்டங்களாக வெட்டி இணைக்க, ஓரம் மடிக்கும் அளவும் சேர்த்துச் சுமார் 3 மீட்டர் வேண்டும். அதையே ஒரே அரைவட்டமாக வெட்டினால் இடுப்பு ஆரம் 9 அங்குலம், வெளி ஆரம் 33. ஒன்றே முக்கால் மீட்டரில் முடிந்துவிடும். விரிவு குறையும்; கிகியின் உடைக்கு அந்த விரிவே போதும். மிச்சமாவது ஒன்றேகால் மீட்டர் துணி. மாறாக, பள்ளிச் சீருடையை ஒத்த செய்லர் மூன் பாவாடைக்குக் கத்தி மடிப்பு வேண்டும். 28 அங்குல இடுப்புக்கு மும்மடங்காக 84 அங்குலத் துணி போனால்தான் மடிப்பு முழுமையாக விழும். அங்கே குறைக்க முயன்றால் மடிப்பு வாய்பிளந்து நிற்கும். எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்று தெரிவதுதான் சிக்கனம்.

மேற்சொன்னது வடிவியல். தையற்காரப் பெண்கள் இதைப் பேப்பர் கட்டிங்கில் நொடியில் செய்வார்கள். ‘பை’யின் மதிப்பை எழுதத் தெரியாதவர்களும் இஞ்ச் டேப்பை மடித்து ஆரம் கண்டுபிடிப்பார்கள். பழைய கறுப்பு நைட்டியைப் பிரித்தால் அதில் கிகியின் உடை முழுதாக இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லும் கண்ணுக்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டும்! மிச்சமான ஒன்றேகால் மீட்டரின் விலையைச் சேமிப்பு என்று எழுதுகிறோம். அதை மிச்சப்படுத்திய அறிவின் பெயரைத்தான் எங்கும் எழுதுவதில்லை.

பசையின் நெடி

துணிக்கு நேர் எதிராக நிற்பது கவசம். வெப்பத்தில் இளகும் வொர்ப்லா போன்ற பிளாஸ்டிக் தகடுகள் விலை அதிகம் என்பதால், கையைக் கடிக்காத வழியாக எல்லோரும் காட்டுவது ஈ.வி.ஏ. ஃபோம். குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கும் புதிர்ப் பாய்களும் அதே பொருள்தான். மார்புக் கவசத்துக்கு 10 மி.மீ., முன்கைக்கு 5 மி.மீ., மேலே ஒட்டும் அலங்காரத்துக்கு 2 மி.மீ. தடிமன் பொருந்தும். கூர்மையான கத்தியால் வெட்டி, ஹீட் கன்னால் சூடாக்கி வளைத்து, கான்டாக்ட் பசையால் ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை நாலைந்து முறை பூசி உலரவிட்டு, அதன்மேல் வெள்ளி வண்ணம் அடித்தால் பாய் இரும்பாகிவிடும். பார்க்கப் பரவசமான மாற்றம் அது.

இங்கே இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, மதிப்பு. கவசம் செய்வதைப் பொறியியல் என்கிறார்கள். பாவாடை தைப்பதைப் பொழுதுபோக்கு என்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கும் ஒளிப்படத்துக்கும் கவசம் உடனே தெரியும், உள்தையல் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்ல தையலின் இலக்கணம். தன்னை மறைத்துக்கொள்வதையே தேர்ச்சியாகக் கொண்ட ஒரு வேலை, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் மதிப்பிடும் அரங்கில் தோற்றுத்தான் போகும். இதில் பெண்கள் ஏராளமாகக் கவசமும் செய்கிறார்கள், ஆண்கள் தைக்கவும் செய்கிறார்கள். ஆனால் வேலைகளுக்கு ஒட்டப்பட்ட ஆண்பால், பெண்பால் முத்திரைகள் அவ்வளவு சீக்கிரம் உரிவதில்லை.

இரண்டாவது, உடல்நலம். கான்டாக்ட் பசைகள் பலவற்றில் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் உண்டு. தேய்க்கும்போது பறக்கும் ஃபோம் தூள் நுரையீரலுக்கு ஆகாது. சூடாக்கும்போது எழும் புகையும் அப்படியே. காற்றோட்டமான இடத்தில் முகக்கவசம் அணிந்து செய்ய வேண்டிய வேலை இது. சிக்கனக் குறிப்புகளில் முதலில் வெட்டப்படும் செலவு அந்தப் பாதுகாப்புதான். விடுதி அறையிலோ ஒற்றைப் படுக்கையறை வீட்டிலோ எல்லோரும் தூங்கிய பிறகு சன்னலைச் சாத்திக்கொண்டு ஒட்டுகிறவள் மிச்சம் பிடிக்கும் பணத்தைத் தன் மூச்சிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள். மொட்டைமாடியைத் தயக்கமில்லாமல் பட்டறையாக்கிக்கொள்ளும் உரிமை ஒரே வீட்டில் பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் சமமாக இருப்பதில்லை.

வேண்டாம், ஆயத்த உடையையே வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் கணக்கு தீர்ந்துவிடாது. சீனாவின் ஷாண்டாங் மாகாணத்தில் சாவ் என்ற மாவட்டம் இருக்கிறது. மேடை நடன உடைகளும் ஹான்ஃபு உடைகளும் இணையத்தில் விற்பதற்காக அங்கே கிராமம் கிராமமாகத் தைக்கப்படுகின்றன, வீடுகளே பட்டறைகள். உடை மலிவாகக் கிடைத்தால் எங்கோ ஒரு கை வேகமாகத் தைத்திருக்கிறது என்று பொருள். நம் வீட்டுத் தையலை விலையில்லாதது ஆக்கும் அதே மனக்கணக்குதான் அந்தத் தையலையும் குறைந்த விலைக்கு இறக்குகிறது.

துணி குறைவு, விலை அதிகம்

ருமிகோ தகஹாஷியின் ‘உருசெய் யட்சுரா’ 1978இல் தொடங்கிய மங்கா. அதன் நாயகி லம் புலித்தோல் வரியிட்ட இரண்டு துண்டு உடை அணிபவள். ஜப்பானியக் காஸ்ப்ளேயின் தொடக்க காலத்திலேயே மிகவும் புகழ்பெற்ற வேடம் அது. துணிக் கணக்கில் பார்த்தால் இதைவிட மலிவான வேடம் இருக்க முடியாது. அரை மீட்டர்கூட வேண்டாம். ஆனால் அதை அணிகிறவள் தரும் விலை துணியில் இல்லை. எந்த உடல் அதற்குத் ‘தகுதியானது’ என்ற தீர்ப்பு, அனுமதி கேட்காத கேமரா, இடுப்பில் விழும் கை ஆகிய எல்லாவற்றையும் அவள் ஏற்க வேண்டியிருக்கிறது. ‘காஸ்ப்ளே என்பது சம்மதமல்ல’ என்ற முழக்கம் பெண்களிடமிருந்து எழுந்ததும், 2014இல் நியூயார்க் காமிக் கான் அதை அறிவிப்புப் பலகைகளாகவே அரங்கில் வைத்ததும் இதனால்தான்.

நிறமும் இந்தக் கணக்கில் வருகிறது. கறுப்பின அமெரிக்கரான சாக்கா கம்பர்பேட்ச் செய்லர் வீனஸ் வேடமிட்டபோது, அவர் தோலின் நிறத்தையும் முடியையும் குறித்து வந்த வசைகளைப் பற்றி 2013இல் எழுதினார். 2015இல் பிப்ரவரி மாதத்தின் 28 நாள்களிலும் கறுப்பினக் காஸ்ப்ளேயர்களை முன்னிறுத்தும் இயக்கத்தைத் தொடங்கினார். ‘ஒத்திருத்தல்’ என்ற அளவுகோலுக்குள் ஏற்கெனவே ஒரு வெளிர்நிற உடல் உட்கார்ந்திருப்பதை அந்த இயக்கம் வெளியே இழுத்துப் போட்டது. ‘தோல் நிறம்’ என்று விற்கப்படும் காலுறை எந்தத் தோலின் நிறம் என்று யோசித்தால் நமக்கும் இது விளங்கும். கறுத்த பெண்ணுக்கு ஒத்த நிறப் பூச்சும் காலுறையும் தேடி அலைவதும் ஒரு செலவு.

இதோடு தாய்லாந்தின் அனுச்சா சாங்சார்ட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘லோகாஸ்ட் காஸ்ப்ளே’ என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்ட அவர், வீட்டுச் சாமான்களையும் காய்கறிகளையும் வைத்துப் பாத்திரங்களாக மாறி, மூலப் படத்தின் பக்கத்தில் தன் படத்தை வைக்கிறார். பெண் பாத்திரங்களையும் விட்டுவைப்பதில்லை. அவர் நகைச்சுவையில் கசப்பு கிடையாது. பணமில்லாமையைக் கண்டு கூச வேண்டாம் என்று அது சொல்கிறது. எனினும் ஓர் ஆண், பருத்த தன் உடலோடு, ஒட்டாத வேடத்தில் நிற்கும்போது உலகம் சிரித்து, ‘என்ன கற்பனை’ என்று மெச்சுகிறது. அதே உருவத்தில் அதே காய்கறியோடு ஒரு பெண் நின்றால் அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் திரும்பும்? இப்படி ஓரவஞ்சனையாகச் சிரிப்பது புதிதும் அல்ல. 1972 உலக மாநாட்டில் ஓவியர் ஸ்காட் ஷா உடலெங்கும் நிலக்கடலை வெண்ணெய் பூசி மேடையேறினார். அது நாற்காலிகளிலும் மற்றவர்களின் உடைகளிலும் அப்பி, விளக்குச் சூட்டில் நாறவும் தொடங்கியது. ‘நிலக்கடலை வெண்ணெய் கூடாது’ என்று விதியே வந்தது. அவர் பெயர் வேடிக்கைக் கதையாக இன்றும் வாழ்கிறது. பக்கத்தில் நின்றவரின் உடையைப் பாழாக்கிய மலிவு புகழாகிறது. பாழான உடையைத் தைத்தவர் யார் என்று அந்தக் கதை கேட்பதே இல்லை.

நம் ஊரிலும் இப்போது இந்த மேடை வந்துவிட்டது. சென்னையில் முதல் காமிக் கான் 2024 பிப்ரவரியில் நடந்தது. டோக்கியோவின் காமிக் மார்க்கெட்டில், வீட்டிலிருந்தே வேடத்தோடு வரக் கூடாது, அரங்கில் உடைமாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எழுதிய விதி. நம் பெண்களுக்கு இது எழுதாத விதி. நீலமுடி விக்கோடு மாநகரப் பேருந்தில் ஏற ஒருத்தி தயங்கினால், மேலே துப்பட்டாவைச் சுற்றிக்கொள்ளலாம், அல்லது ஆட்டோவுக்குக் கொடுக்கலாம். அந்த ஆட்டோ வாடகையும் உடையின் செலவுதான். துணி வாங்கிய பணத்தை அது சாப்பிட்டுவிடவும் கூடும்.

யார் செய்தது?

பள்ளி மாறுவேடப் போட்டிகளை நினைத்துப் பாருங்கள். பாரதியாரின் தலைப்பாகை, ஜான்சி ராணியின் நோட்டு அட்டை வாள், அதில் ஒட்டிய வெள்ளி ஜிகினாத் தாள், ஔவையாரின் பஞ்சு முடி. பரிசு குழந்தைக்கு, விழித்திருந்தது அம்மா. மேடையில் அறிவிக்கப்படாத அந்தப் பெயர், காஸ்ப்ளே போட்டிகளில் இன்னும் ஒரு படி இறங்குகிறது. கைத்திறன் போட்டிகள் பலவற்றில் உடையின் பெரும்பகுதியைப் போட்டியாளரே செய்திருக்க வேண்டும் என்பது விதி. காசு கொடுத்து வாங்கி வருகிறவர்களைத் தடுக்கும் நியாயமான விதிதான். ஆனால் அதன் பக்கவிளைவு ஒன்று உண்டு: ஓரம் அடித்துக்கொடுத்த அம்மாவையும், ஜிப் வைத்துக்கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவையும் சொன்னால் மதிப்பெண் குறையும். எனவே சொல்லாமல் விடுவது பழக்கமாகிறது. தனி மேதை ஒருவர் தனியாகச் செய்தார் என்ற ஆண்மையக் கலைக் கதைக்கு, பெண்கள் கூடி உட்கார்ந்து செய்யும் வேலை இப்படிப் பலியாகிறது.

வேறு வழி இல்லாமல் இல்லை. உலக அறிவியல் புனைவு மாநாட்டின் மாறுவேட அரங்கில் அணிந்தவர், வடிவமைத்தவர், செய்தவர் ஆகியோரைத் தனித்தனியே குறிக்கும் வழக்கம் இருக்கிறது. மொரோஜோவின் பெயரைத் தவறவிட்ட அதே மரபு பின்னால் கற்றுக்கொண்ட பாடமாகவே இதைப் பார்க்கிறேன்.

ஆகவே, குறைந்த செலவில் வேடமிட விரும்பும் தோழிகளுக்கு நான் சொல்ல விரும்புவது: தாராளமாகச் செய்யுங்கள். நைட்டியைப் பிரியுங்கள், பாயை வெட்டுங்கள், அரைவட்டத்தில் துணியை மிச்சப்படுத்துங்கள். இன்னொரு பெண்ணாக, அரக்கியாக, விண்வெளி வீராங்கனையாக ஒரு பகல் முழுவதும் நடமாடும் மகிழ்ச்சி பணமுள்ளவர்களுக்கு மட்டும் உரியதல்ல. சன்னலைத் திறந்து வையுங்கள். முகக்கவசத்தை வெட்டாத செலவாக வைத்துக்கொள்ளுங்கள். உடை முடிந்ததும் ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள். துணி எத்தனை மீட்டர், பசை எத்தனை குப்பி என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மணி நேரம், யாருடைய இயந்திரம், கை கொடுத்தவர்கள் யார் யார், அந்த நாள்களில் வீட்டுவேலையை ஏற்றவர் யார், போய்வர என்ன ஆயிற்று என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். படத்தை வெளியிடும்போது அந்தப் பெயர்களையும் சேர்த்து வெளியிடுங்கள். மொத்தத் தொகை நீங்கள் நினைத்ததைவிடப் பெரிதாகத்தான் வரும். அந்தத் தொகையைப் பார்த்த பிறகும் அதை மலிவு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.